மாமாவுக்குத் திறந்த போத்தல்

வைனுக்குள் சோடா ஊற்றுகிறவர்களோடு எனக்கு இன்றுவரை ஒத்துப்போவதில்லை. கலியாண வீடுகளில் யாராவது அப்படிச் செய்வதைக் கண்டால் எழுந்து வேறு மேசைக்குப் போய்விடுவேன். இதற்கெல்லாம் காரணம் என் மாமா, அம்மாவின் தமையன். அவர் எங்கள் வீட்டில் செய்த அநியாயத்தைக் கேட்டால் நீங்களும் என் பக்கம்தான் நிற்பீர்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்து வந்து, டோர்செட் பார்க் என்ற பகுதியில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா நகரத்தின் நடுவில் ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவச் சேர்ந்து, கடைசியில் அங்கே வைன் போத்தல்களைப் பார்த்துக்கொள்ளும் ஆளாகிவிட்டார். முதலாளி வயதுபோய்க் கடையை மூடிய அன்று அப்பாவின் கையில் ஒரு போத்தலைக் கொடுத்தார். சிவப்பு வைன். அதன் வயது என் வயதைப்போல இரண்டு மடங்கு. கிடத்தித்தான் வைக்க வேண்டும், வெளிச்சம் படக் கூடாது, ஹீற்றருக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது. அப்பா அதைத் தன் பழைய குளிர் ஜாக்கெட்டில் சுற்றி உடுப்பு அலமாரியின் அடியில் படுக்க வைத்தார். காய்ச்சல் வந்தபோதுகூட என்னை இவ்வளவு கவனமாகப் படுக்க வைத்ததாக ஞாபகம் இல்லை.

போத்தலில் ஒட்டியிருந்த தாளில் ஒரு கல்வீடும், அதற்குப் பின்னால் மேட்டில் ஏறிப்போகும் திராட்சை வரிசைகளும் இருந்தன. அந்த வீட்டின் கதையை முதலாளி அப்பாவுக்குச் சொல்ல, அப்பா எனக்குச் சொன்னார். ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பத்தின் தோட்டம். பனி கொட்டிக் கொடிகள் கருகின, யுத்தம் வந்தது, பட்டாளம் வந்து வீட்டுக்குள் குடியிருந்தது. ஆனாலும் அவர்கள் ஒரு பிடி மண்ணைக்கூட விற்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு எனக்கு இந்தக் கதை மனப்பாடமாகிவிட்டது. போத்தலைத் திறக்கும் நாளில் முதல் வாசம் எனக்குத்தான் என்றும் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். குடிக்கத்தான் கூடாது, முகர்ந்து பார்க்கலாம்தானே.

எப்போது திறப்பது என்று கேட்டால், மாமா வரட்டும் என்பார். மாமா யாழ்ப்பாணத்தில் முந்திரிகைத் தோட்டம் செய்தவர். எங்கள் ஊரில் திராட்சையை முந்திரிகை என்றுதான் சொல்வார்கள். "முந்திரிகையைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒண்டுமில்லை" என்று அப்பா சொன்னபடியால், மூக்காலேயே வைனின் வயதைச் சொல்லிவிடும் ஒரு பெரிய மனிதரை எதிர்பார்த்து நான் காத்திருந்தேன்.

விசா கிடைத்து ஒரு ஜூன் மாதம் மாமா வந்தார். அந்த வெயிலிலும் ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு, கூச்சப்பட்டுச் சிரிக்கும் மெலிந்த மனிதர். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் மேசைக்கு வந்தபிறகு, அப்பா போத்தலின் தக்கையைத் திருகி எடுத்தார்.

முதல் அநியாயத்தை அம்மா செய்தார். போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அடியில மண்டி கிடக்குது. பழுதாப் போச்சு போல" என்று தேத்தண்ணி வடியைக் கொண்டுவந்து வைனை வடித்துத் தண்ணீர் ஜக்கில் விட்டார். வயதான வைனில் மண்டி இருக்கும் என்று எனக்கே தெரியும். அப்பாவோ கிளாஸ்களை எடுத்து மேசையில் அடுக்கினார். அடுத்த அநியாயம், முதல் கிளாஸ் மாமாவுக்குப் போனது. விருந்தாளியாம். என் மூக்கைப் பற்றி ஒருவருக்கும் நினைவில்லை.

அப்பா வெறும் போத்தலை மாமாவிடம் கொடுத்து, படத்தைக் காட்டிக் கதை சொல்லத் தொடங்கினார். அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் பார்த்ததில்லை. "ஐஞ்சு தலைமுறை, மச்சான். ஆமி வந்து வீட்டுக்குள்ள இருந்திருக்கு. அப்பிடியிருந்தும் அவை..." என்றவர் சட்டென்று நிறுத்திவிட்டார்.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். "ஒரு பிடி மண்ணும் விக்கேல்லை மாமா!" என்று நான் முடித்து வைத்தேன். "வோர் வந்தும் விக்கேல்லை. நெவர்!"

மாமா படத்தில் இருந்த வரிசைகளை விரலால் தடவினார். "எத்தினை பரப்புக் காணி இருக்கும்?" என்று கேட்டார். அப்பா தெரியாது என்றார். மாமா ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது. "உது சரியாப் புளிக்குது. கொஞ்சம் சோடா விடலாமோ?"

"நோ! உதுக்குள்ள சோடா விடேலாது! அப்பா, சொல்லுங்கோ அவருக்கு!"

"சும்மா இரு பிள்ளை" என்றார் அப்பா. குளிர்ப்பெட்டியைத் திறந்து ஜிஞ்சர் ஏல் சோடாப் போத்தலை எடுத்துவந்து மாமாவின் கிளாஸ் நிரம்ப ஊற்றினார். பிறகு தன்னுடையதிலும் ஊற்றிக்கொண்டார். இவ்வளவு காலம் ஜாக்கெட்டில் சுற்றி வைத்திருந்த வைன் இளஞ்சிவப்பு நுரையாகப் பொங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமாவாவது தெரியாமல் செய்தார், அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அவரை மன்னிக்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டேன். மாமா திரும்பிப் போகும்வரை அவரோடும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பல வருடங்கள் கழித்து, மாமா ஊரில் காலமான செய்தி வந்த அன்றுதான், அழுகைக்கு நடுவே அம்மா சொன்னார். "சண்டைக்குள்ள அந்தத் தோட்டத்தை வித்துத்தான் அண்ணை உன்ர அப்பாவை இஞ்ச அனுப்பினவர். வாங்கினவன் கொடியெல்லாத்தையும் வெட்டிப்போட்டு மண்டபம் கட்டினவன். பிறகு அண்ணை ஆரோ ஒருத்தரின்ர தோட்டத்தில கூலிக்குப் போனவர்."

அன்று மேசையில் அப்பா ஏன் பேச்சைப் பாதியில் விழுங்கினார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நன்றி சொல்லத் திறந்த போத்தல் அது. வாயிலிருந்து வந்ததோ மண்ணை விற்காதவர்களின் கதை. வார்த்தையால் கேட்க முடியாத மன்னிப்பை அவர் சோடாவை ஊற்றித்தான் கேட்டார். அன்று அப்பா ஊற்றிக் கொடுத்ததை மாமா ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் கிளாஸை அப்பாவிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் விடும், மச்சான்."

இந்த மனிதருக்கு எவ்வளவு பேராசை என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.