மூன்று விரதங்களும் ஒரு நரம்பும்

பாகூர்ப் பக்கம் ஆம்பிளை ஒருத்தன் பெண்டாட்டியை விட்டுத் தள்ளிப் படுக்க, யாரும் காரணம் கேட்காத வழி ஒன்று உண்டு. மாலை போட்டுக்கொள்வது. புற்றுநோய்க்காக எனக்கு ப்ராஸ்டேட் சுரப்பியை எடுத்த வருஷம் அந்த வழியைத்தான் பிடித்துக்கொண்டேன்.

உயிர் பிழைத்தது. ஆனால் சுரப்பியை ஒட்டி ஓடிய நரம்புகளையும் சேர்த்து எடுக்க வேண்டியதாகிவிட்டது. அதோடு ஆண்மையும் போனது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை பலிக்கவில்லை. மறுபடி போய்ச் சொல்லக் கூச்சம். வரப்புத் தகராறில் நாலு பேரை எதிர்த்துக் கத்துகிற எனக்கு, முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை. கழற்றிய கையோடு தைப்பூசத்துக்கு முருகன் மாலை. பிறகு கொஞ்ச நாள் முதுகுவலி காப்பாற்றியது. ஆடியில் திரௌபதியம்மன் தீமிதிக்குக் காப்புக் கட்டப் போகிறேன் என்றதும், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னும் எந்த சாமிய்யா பாக்கி? என்னப் புடிக்கலன்னா நேரா சொல்லிடு. சாமிய ஏன் இழுக்கிற?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் வெட்கத்தை மறைக்கப் போய் அவளை வேண்டாதவளாக்கி வைத்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்கா நெருப்புல எறங்கப் பாத்த? புத்தி கெட்ட மனுசன்யா நீ."

அன்றைக்கு என் பாயை எடுத்து அவள் பாய்ப் பக்கத்தில் போட்டாள். பாதி நிம்மதி அப்போதே வந்துவிட்டது.

மறுவாரம் டாக்டர் முன்னால் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள்தான் பேசினாள். கெண்டைக்காலிலிருந்து நரம்பு எடுத்து, தொடையில் நன்றாக இருக்கும் நரம்போடு இணைத்து, அங்கிருந்து ஆணுறுப்பு வரைக்கும் கொண்டுபோய்ப் பார்க்கலாம், அது வளர ஒரு வருஷத்துக்கு மேலாகும், பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் அவர். "பரவால்ல சார், செய்யுங்க" என்றாள்.

ஊரில் கால் ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம். பார்க்க வந்தவர்கள் ஆட்டுக்கால் சூப் குடிக்கச் சொன்னார்கள், தைலம் கொடுத்தார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

மாதங்கள் போயின. ஒன்றுமில்லை. அவளும் எதுவும் கேட்க மாட்டாள். பிறகு லேசாக ஏதோ தெரிந்தது. நானே நம்பவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு விடியற்காலையில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. அவளை எழுப்பிச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"பால்காரன் வர்ற நேரம். போய் தாப்பா போட்டுட்டு வா" என்றாள்.