கதவு நிலையில் ஈரச் சுண்ணாம்பு

என் அண்ணன் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தார். ஊறிய தோலை இழுத்துப் போட்டுப் போட்டு உள்ளங்கை வெடித்திருக்கும். ஆட்காட்டி விரலின் நுனி எப்போதோ கத்தியில் போய்விட்டது. நான் கம்பவுண்டர் பரீட்சை தேறி, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தேன். அவர் கைக்கென்று தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும் சேர்த்து, உடம்புச் சூட்டில் உருகும்படி களிம்பு செய்வேன். வாங்கிப்போக அவரே வருவார். உள்ளே வரமாட்டார், கதவு நிலையில் கையை ஊன்றி நிற்பார்.

அன்று நடுப்பகல். களிம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அவர் குரல்.

“இன்னா பாப்பா, ஆய்டுச்சா?”

“இருண்ணா, ஆறட்டும்” என்று திரும்பினேன். யாரும் இல்லை. தாழ்வாரமும் காலி. நிலையில் மட்டும் வெள்ளையாக ஈரம்.

“யார்கிட்டம்மா பேசற?” என்றார் எதிரே மாத்திரை உருட்டிக்கொண்டிருந்த பெரிய கம்பவுண்டர். அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

என்னவாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கழித்தேன். வெள்ளையடிக்க யாரும் வரவில்லை. கஞ்சியென்றால் பிசுபிசுக்கும். சாக்குக்கட்டித் தூள் கலந்த மருந்தா? சமையலறையிலிருந்து மஞ்சள்தூள் வாங்கிவந்து ஓரத்தில் தொட்டுப் பார்த்தேன். சட்டென்று சிவந்தது. சுண்ணாம்பேதான்.

“ஐய, இதுக்கா இவ்ளோ பேஜார்? வெத்தல போட்டவன் எவனாவது வெரல தொடச்சிருப்பான்” என்று சிரித்தார் பெரிய கம்பவுண்டர்.

வெற்றிலை போடுகிறவன் ஒரு விரலைத் துடைப்பான். இது முழுக் கை. ஆட்காட்டி விரல் மட்டும் குட்டை.

அதைக் காட்டியதும் அவர் சிரிப்பு நின்றது. “நீ கெளம்பும்மா, நான் பாத்துக்கறேன்” என்றார்.

களிம்பு டப்பாவை எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். என் குரலுக்கு அண்ணன் திரும்பிப் பார்த்து, “இன்னா, சம்பளம் குடுக்கலியா, ஓடியாந்துட்ட?” என்று கேலி செய்யவேண்டும், அது போதும் என்று இருந்தது. மடியில் டப்பா மூடி கடகடத்துக்கொண்டே வந்தது.

தெருமுனையிலேயே அழுகை கேட்டது. அம்மா என்னைப் பார்த்து மிரண்டாள். “இன்னும் தந்திகூடக் குடுக்கலியே. உனுக்கு யாரு சொன்னா?”

மதியம் குழியோரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லையாம்.

அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கழுவியிருந்தார்கள், குட்டை விரலின் நகக்கண்ணில் வெள்ளை இருந்தது. களிம்பைத் தடவினேன். வெடிப்புகளின்மேல் அது வைத்தபடியே இருந்தது, உருகவில்லை.