திரும்பி வந்த ஏழு மெயில்

எனக்குப் பேய், சகுனம், அதிசயம் எதுலயும் நம்பிக்கை கிடையாதுபா. வரதராஜர் கோயில்ல தங்கப் பல்லியைத் தொட ஊரே வரிசையில நிக்கும், நான் வெளியில நின்னு சுண்டல் தின்னுக்கினு இருப்பேன். அப்படிப்பட்ட இந்த வாயாடி வசந்தாவே சொல்றேன், இது நடந்தது. நம்பினா நம்பு, இல்லன்னா டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பு.

பதிமூணு வருஷத்துக்கு மேல இருக்கும். எங்க வூட்டுக்காரரும் நானும் பட்டு நெய்யறோம், சென்னையில ஒரு கடைக்குப் புடவை போட்டோ அனுப்பறதுக்குன்னு எம்பேர்ல ஒரு மெயில் வெச்சிருந்தேன். எங்களுக்குக் கொழந்த இல்ல. தத்து எடுக்கப் பேர் குடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு தகவலும் இல்ல. ஆறுதல் சொல்றேன்னு வர்றவங்க எல்லாம் குத்திட்டுப் போவாங்க.

அப்பதான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில போன்ல அது வந்துச்சு. நீங்க அனுப்பின மெயில் போய்ச் சேரல, அப்படி ஒரு முகவரியே கிடையாதுன்னு. அட, நான் யாருக்கும் அனுப்பவே இல்லியே! பார்த்தா அந்த முகவரியில நிலவழகின்னு ஒரு பேர், பின்னாடி 240. அந்தப் பேர்ல எனக்கு யாரையுமே தெரியாது. கீழ, நான் எழுதினதா ஒரே ஒரு வரி: 'சாப்டியா கண்ணு?'

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொண்ணு. 'வெயில்ல நிக்காத.' கம்ப்யூட்டர் கடைக்காரர், "வைரஸ்மா, பாஸ்வேர்டை மாத்துங்க"ன்னாரு. மாத்தினேன். அப்பவும் நிக்கல.

அஞ்சாவது வந்த அன்னிக்குத்தான் இது வைரஸ் இல்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. அன்னிக்குத் தறியில புதுப் பாவு, அதான் நீளவாட்டு நூலு, ஏத்தறோம். பழைய பாவோட முனை தறியிலயே இருக்கும், அதுல புதுசை இழைக்கு இழை வெச்சு, விரல்ல சாம்பலைத் தொட்டுத் தொட்டு முறுக்கிச் சேர்க்கணும், ஆயிரக்கணக்குல. நடுவுல வேற எதையும் தொட முடியாது, கையில பிசுக்கு பட்டா முறுக்கு பிடிக்காது. விடிகாலம் உக்கார்ந்தவ ஒம்பது மணிக்குத்தான் எழுந்தேன், போன் பீரோவுக்குள்ள, எதிர்ல எங்க வூட்டுக்காரரு. கையைக் கழுவிட்டு வந்து பார்த்தா, ஆறே முக்காலுக்கு நான் அனுப்பினதா ஒண்ணு திரும்பி வந்திருக்குது. 'கையெல்லாம் சாம்பலு கண்ணு, இல்லன்னா இப்பவே தூக்கிக்குவேன்.'

அதைப் படிச்சுட்டு அந்த மனுஷன் போனை மறுபடி பீரோவுல வெச்சுப் பூட்டினாரு.

இன்னும் ரெண்டு வாரம் போச்சு. ஒரு வெள்ளிக்கிழமை காலையில அவரே சொன்னாரு, "வேணாம் வசந்தா, மனசு வுட்டுப்போச்சு. தத்து லிஸ்ட்ல இருந்து நம்ம பேரை எடுத்துடச் சொல்லி எழுதிடு." நானும் அழுதுக்கினே எழுதினேன். அனுப்பறதுக்கு விரலை வெக்கப் போறேன், டிங்குன்னு ஒரு சத்தம். ஏழாவது திரும்பி வந்திருக்குது. 'நாங்க எங்கயும் போக மாட்டோம். நீ மெதுவா வா.'

அவரு எட்டிப் படிச்சாரு. "அழிச்சிடு"ன்னாரு.

"எதை?"

"நாம எழுதினதை."

ரெண்டு மாசம் கழிச்சு போன் வந்துச்சு. பதினோரு மாசப் பொண்ணு. தத்து குடுக்கற ஆபீஸ்ல இருந்த மேடம் கொழந்தைய என் மடியில வெச்சுட்டு, "நிலவழகின்னு கூப்டறோம், புடிக்கலன்னா மாத்திக்குங்க"ன்னாங்க. எங்க வூட்டுக்காரரு அந்த ஆபீஸ் தரையிலயே உக்கார்ந்துட்டாரு. மாத்தறதாவது! அதுக்கப்புறம் ஒரு மெயிலும் திரும்பி வரல. அவகிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதும் இல்ல.

இப்ப ஒம்பதாவது படிக்கறா. போன மாசம் ஸ்கூல்ல கேட்டாங்கன்னு என் போன்லயே அவளுக்குப் புதுசா மெயில் ஆரம்பிச்சா. அவ பேர் மட்டும் போட்டா எடுத்துக்கலியாம், அதனால பின்னாடி 240ன்னு போட்டா. "ஏன் கண்ணு 240?"ன்னேன்.

"தறி மேல இருக்குற பெட்டியில போட்டிருக்குதேம்மா, தெனம் பார்க்கறேன்ல?"

நெசந்தான், புடவையில பூப்போடற ஜக்கார்டு பெட்டியில போட்டிருக்குது, அதுல இருக்குற கொக்கிக் கணக்கு. ஆனா அந்தப் பெட்டி அவ வந்தப்புறம் வாங்கினது. அந்த மெயிலெல்லாம் வந்தப்ப எங்க தறியில இருந்தது 120.

புது மெயில்னா காலியாத்தானே இருக்கணும்? ஏழு இருந்துச்சுபா. எல்லாம் நான் அனுப்பினது. 'சாப்டியா கண்ணு'ல இருந்து வரிசையா. "எப்பம்மா அனுப்பின?"ன்னு கேக்கறா. அவங்க அப்பா தறியை வுட்டு எழுந்து வந்து படிச்சுட்டு, அவ தலையைப் புடிச்சு அணைச்சுக்கினு அழுதாரு. கோயில்ல கும்பிடாத நான் அந்தப் போனைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அதோட வுட்டிருக்கலாம். நான்தான் சும்மா இருக்காம, அவ அனுப்பினது ஏதாவது இருக்குதான்னு பார்த்தேன். ஒண்ணு இருந்துச்சு. எனக்கு. அந்த ஏழாவது வெள்ளிக்கிழமை தேதி போட்டு. அன்னிக்கு இவ ஒம்பது மாசக் கொழந்த.

'பேரை எடுத்துடாதம்மா. வந்துக்கினே இருக்கேன்.'

என் மெயில்ல ஒண்ணு விடாம தேடிட்டேன், குப்பையில போட்டது வரைக்கும். அது எனக்கு வந்து சேரவே இல்ல. போய்ச் சேரலன்னு அவளுக்குத் திரும்பியும் வரல.