பின் சீட்டு

சன்னாசியை மலேசியாவின் லிங்கிப் பக்கம் இன்னும் மண்டோர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களை அதட்டி வேலை வாங்கிய ஆள். வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் அந்த மிடுக்கு இறங்கவில்லை. இனிப்பு நீர் நோய் முற்றி இடது பாதத்தில் புண் வந்தபோதும் இறங்கவில்லை.

"கால தரையில ஊனவே கூடாது," என்று டாக்டர் ஷாமினி கண்டிப்பாகச் சொன்னார். ஊன்றினால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். தினமும் கிளினிக்குக்குப் போய் மருந்து கட்ட வேண்டும். கியரை மிதிக்க முடியாத அவருக்குப் பதிலாக மனைவி தனலெட்சுமி மோட்டார் சைக்கிளை ஓட்டினாள். பள்ளிக்கூடக் கேண்டீன் வேலைக்கு அதில்தான் போய் வருகிறாள். அவளுக்கு அது புதிதல்ல. பெண்டாட்டிக்குப் பின்னால் உட்காருவதுதான் மண்டோருக்குப் புதிது.

தோட்டத்துச் சாலை பெரிய சாலையைத் தொடும் இடத்தில் லியாக்கத் அலியின் சாப்பாட்டுக் கடை. மண்டோரிடம் வேலை பார்த்தவர்கள் காலையில் அங்கேதான் தே தாரிக் டீ குடிப்பார்கள். முதல் நாள், கடைக்குச் சற்று முன்னால் வளைவில், "நிறுத்து தனம்," என்றார். இறங்கினார். புண்காலை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்திக் கடையைத் தாண்டி நடந்தார். அவள் தனியாகப் போகிறவள் மாதிரி முன்னால் போய் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தாள். அங்கே மறுபடியும் ஏறிக்கொண்டார். திரும்பும்போதும் இதே கூத்து.

கொஞ்ச நாளில் அவர் சொல்லாமலே அவள் பிரேக்கை அமுக்க ஆரம்பித்தாள். இதைச் சொல்லும் எனக்கு அவர்மேல் வரும் கோபத்தில் பாதி அவள்மேலும் வரும். ஆனால் புருஷனைத் தலைகுனிய வைத்தவள் என்ற பேர் வந்துவிடக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்த பெண். பாவம், வேறென்ன செய்வாள்.

புண் ஆறவில்லை. "நடக்கிறாரா?" என்று டாக்டர் கேட்டார். சன்னாசி சுவரைப் பார்த்தார்.

"கட்டில விட்டே எறங்கறதில்ல டாக்டர்," என்றாள் தனலெட்சுமி.

ஒருநாள் கட்டுத் துணியெல்லாம் சீழும் ரத்தமும். வளைவில் வண்டியை நிறுத்தி அவள் அழுதே விட்டாள். "ஒங்களக் கும்புடறேங்க, இன்னிக்கு மட்டும் உக்காந்திருங்க. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

"பொண்டாட்டி முதுகப் புடிச்சிக்கிட்டு அவனுங்க முன்னால போவணுமா? செத்தப்புறம் ஏத்திக்கிட்டுப் போ." இறங்கி நடந்தார்.

அந்த மாதமே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வெட்டிய இடம் ஆறிய பிறகு, டாக்டரிடம் காட்டுவதற்காக மறுபடியும் கிளம்பினார்கள். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார். வளைவு வந்ததும் தனலெட்சுமியின் கை பழக்கத்தில் பிரேக்கை அமுக்கிவிட்டது. வண்டி நின்றது.

கடையிலிருந்து லியாக்கத் அலி ஓடி வந்தார். "மண்டோரண்ணே, கேள்விப்பட்டதுலேருந்து மனசே சரியில்லண்ணே. தெனம் இங்க எறங்கி நடப்பீங்க, தங்கச்சி பஸ் ஸ்டாப்புல நின்னு ஏத்திக்கிட்டுப் போவும். சீனிக்கு டாக்டர் நடக்கச் சொல்லிருக்காங்கபோலன்னு நாங்கல்லாம் பேசிக்குவோம்லா. அப்படி விடாம நடந்தும் இப்படி ஆயிருச்சேண்ணே!"

கடையிலிருந்த அத்தனை பேரும் பார்க்க, சன்னாசி மனைவியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். "ஓட்டு தனம், ஓட்டு," என்றார். அவளால் ஆக்சிலேட்டரை முறுக்க முடியவில்லை.