கொம்பு உடைந்த நந்தி

கொள்ளேகாலம் போகும் வழியில் ஆற்றோரம் இடிந்து கிடக்கிற ஒரு பழைய கோயிலை கேன்வாஸில் வரைந்தேன். சாய்ந்த தூண்கள், கருவறைக்குள் முளைத்த ஆலங்கன்று, முன்னால் கொம்பும் காதும் போன நந்தி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மாம்பழமும் தேசியக்கொடியும் வரையச் சொல்லிக்கொடுத்தே மரத்துப்போன கை என்னுடையது. எனக்கே எனக்கென்று வரைந்த ஒரே படம் இதுதான். மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். அதைப் பார்க்கும்போதுதான் அந்த வீட்டில் எனக்கும் ஓர் இடம் இருப்பதாகத் தோன்றும்.

கணவரின் அண்ணன் எங்களோடு இருந்தார். தம்பி மனைவியிடம் நேராகப் பேசமாட்டார். எதுவானாலும் தம்பியிடம்தான் சொல்வார். மழையில் ஸ்கூட்டர் சறுக்கி அவர் கை முறிந்தது. மாவுக்கட்டோடு வீட்டுக்குள் வந்ததுமே என் படம் குற்றவாளியாகிவிட்டது.

"ஒடஞ்ச சாமிய ஊட்டுல வெச்சா குடும்பம் வெளங்குமா? எடுக்கச் சொல்லுடா."

"அது சாமி இல்லீங்க மாமா, படம்," என்றேன். கணவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை, தேங்காய் வெட்டும் கொடுவாளை நல்ல கையில் எடுத்துவந்து நந்தியின் கழுத்தில் ஒரே போடு போட்டார். குறுக்கே பாய்ந்தேன். அடுத்த வெட்டு என் இடது உள்ளங்கையைக் கிழித்தது. தூண்களின் மேல் ரத்தம் வழிந்தது. அவருடைய மாவுக்கட்டின் மேலேயே ஓங்கிக் குத்தினேன். அலறினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

தையல் போட்டுக்கொண்டு திரும்பியபோது சுவர் காலி. உடைந்த சாமி படங்களை நாங்கள் குப்பையில் போடுவதில்லை, அரசமரத்தடியில் வைத்துவிடுவோம். என் கணவர் படத்தை அக்ரஹாரத்து மரத்தடியில் வைத்து, கற்பூரமும் ஏற்றிவிட்டு வந்திருந்தார்.

"மரியாதையாத்தான் வெச்சுட்டு வந்தேன்," என்றார். வெட்டியவரை விட இவர் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

மரத்தடிக்குப் போனேன். கண்ணாடி நொறுங்கிய லட்சுமி படங்களுக்கு நடுவே என் படம் கிடந்தது. அதற்குள் யாரோ நந்திக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். எடுக்கப்போனதும் மரத்தடியில் கடை போட்டிருந்த பூக்காரம்மா தடுத்தாள். "விட்ட சாமிய திருப்பி ஊட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது, பேடம்மா, வேணாம்."

"இது சாமியுமில்ல, விட்டது நானுமில்ல," என்று தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கிழிசலோடு, குங்குமத்தோடு, அதே சுவரில் வைத்து ஆணி அடித்தேன். கணவர் எழுந்து வந்து சுத்தியலுக்குக் கை நீட்டினார்.

"படத்தத் தொட்டீங்கன்னா மண்டைய ஒடச்சுடுவேன்," என்றேன்.

சொன்னபடியே செய்திருப்பேன். அது அவருக்கும் தெரிந்தது. கையை இழுத்துக்கொண்டார்.