காலைப் பள்ளிக்குத் திரும்பிய வருஷம்

உடற்கல்வி ஆசிரியர் என்று நியமன உத்தரவில் போட்டிருக்கும். பிள்ளைகளுக்கு டிரில் சார், மற்ற ஆசிரியர்களுக்கு யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பைக் கட்டி மேய்க்கும் ஆள். விசில் ஊதிப் பிழைக்கும் சகாக்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ராயபுரத்தில் எட்டாவது வரை உள்ள ஒரு பள்ளியில் சேர்ந்தேன். சேர்ந்த வருஷமே மேல்தளத்துக் காரை பெயர்ந்து விழ, கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள். ஒரு வருஷம் முழுக்கத் திருவொற்றியூர் பக்கம் வேறொரு பள்ளியில், அந்தப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு, மதியம் பன்னிரண்டரைக்கு எங்கள் பள்ளி தொடங்கும். பிரேயர் இல்லை, டிரில் இல்லை. நான் மட்டும் இருந்தேன். அடுத்த ஜூனில் பழுது பார்த்த பழைய கட்டடத்துக்கே திரும்பினோம்.

பன்னிரண்டரை மணி

முதல் நாள் ஒன்பதுக்கு மணி அடித்தோம். பாதிப் பிள்ளைகளைக் காணோம். வேறு பள்ளிக்குப் போய்விட்டார்களோ என்று ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சருக்குக் காபி இறங்கவில்லை. மதியம் கேட்டுக்கு வெளியே சத்தம். போய்ப் பார்த்தால் பவுடர் பூசிய முகங்களோடு ஒரு பட்டாளமே நிற்கிறது. இனிமேல் காலையில்தான் என்று சொல்லி அனுப்பினோமே என்றேன். ஒரு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு வருசமா பன்னண்டரைக்குத்தான் புள்ளைய இட்டாறேன். நீ பாட்டுக்கு ஸ்கூல காலைக்கு நவுத்திகினா நான் இன்னா சார் பண்றது?"

உயர வரிசை

பிரேயருக்கு உயர வரிசைப்படி நிற்க வைப்பது நம் வேலை. முன்னால் நிற்கும் குள்ளப் பிள்ளை இடுப்பில் கை வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் கையை நீட்டி இடைவெளி பார்ப்பார்கள். ஆறாவது படிக்கும் அந்தோணி ஒன்றாம் வகுப்பிலிருந்தே முதல் ஆளாம். பழக்கத்தில் முன்னால் போய் நின்றான். நடுவில் ஒரு வருஷத்தில் பனைமரமாக வளர்ந்திருந்தான். பின்வரிசைக்குத் தள்ளினேன். அங்கே போய்த் திருதிருவென்று விழித்தான்.

"சார், கைய நீட்டி எங்க வெக்கணும்? எனக்கு இடுப்புதான் தெரியும்."

டிரம்மு

ஆகஸ்ட் பதினைந்தன்று எட்டாவது பிள்ளைகள் டிரம் அடித்துக்கொண்டு கல்மண்டபம் வரை அணிவகுத்துப் போய் வருவது அந்தப் பள்ளி வழக்கம். டிரம் இருந்தது, அந்த அடி தெரிந்தவர் யாருமில்லை. யார் சொல்லித் தருவது என்று ஹெட்மிஸ்ட்ரஸைக் கேட்டேன்.

"நாங்க யாரும் சொல்லித் தர்றதில்ல சார். எட்டாவது ஏழாவதுக்குச் சொல்லித் தரும், போன வருஷம் அதுவும் நடக்கல. தெரிஞ்சவங்க எல்லாம் பாஸாகிப் போயிட்டாங்க, ஒருத்தியத் தவிர."

டெய்சி வீடு

அந்த ஒருத்தி டெய்சி. மதியப் பள்ளி வருஷத்தில், காலையில் அம்மாவோடு எறா உரிக்கப் போய்விட்டு வகுப்புக்குப் பாதி நேரம் கழித்து வந்தவள். எட்டாவதில் ஃபெயில். ஜூனிலிருந்து பள்ளிக்கே வரவில்லை. அவள் படிப்புக்காகப் போனேன் என்று சொல்ல ஆசைதான், டிரம்முக்காகத்தான் போனேன்.

அம்மா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "நானா சார் போவாதன்னேன்? இவதான் மாட்டேன்றா" என்றார். டெய்சி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் நுனியெல்லாம் எறா முள் குத்திய புண். என்னம்மா பிரச்சினை என்றேன். சுவரிடமே சொன்னாள்.

"என் தங்கச்சி மேரியும் இப்போ எட்டாவது சார்."

டிரம் அடிக்க ஆளில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தங்கச்சி

மூன்று நாள் கழித்து வந்தாள். மேரி முன் பெஞ்சு, டெய்சி கடைசி பெஞ்சு, இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் சாயங்காலங்களில் டெய்சி அடிக்க அடிக்க, மொத்த எட்டாவதும் காலை மாற்றி வைக்கப் பழகியது. சுதந்திர தினத்தன்று டிரம்மோடு அவள் முன்னால் போக, அவளுக்கு நேர் பின்னால் மேரி. கல்மண்டபத்தில் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். இந்த வருஷம் வருதுடா என்று யாரோ கத்தினார்கள். டெய்சி தோளிலேயே கண்ணைத் துடைத்தாள், அடி தப்பவில்லை.

மறுநாள் மேரி என்னிடம் வந்து, அக்கா இனி தன் பக்கத்திலேயே உட்காரட்டும் என்றாள். எதற்கு என்றேன்.

"டிரம்ம அவ எனக்குச் சொல்லித் தருவா, கணக்க நான் அவளுக்குக் காட்டுவேன். நீங்க கண்டுக்காதீங்க சார்."

டெய்சி அந்த வருஷம் எட்டாவது தேறினாள். எப்படித் தேறினாள் என்று என்னைக் கேட்காதீர்கள், நான் வெறும் டிரில் வாத்தியார்.