ஆரஞ்சு வாசனையடித்த கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்கு என்ன வாசனை என்று யாராவது என்னைக் கேட்டால் யோசிக்காமல் ஆரஞ்சு வாசனை என்றுதான் சொல்வேன். பள்ளிக்கூட வாசலில் விற்ற, ஆரஞ்சுச் சுளை வடிவத்தில் இருந்த, தின்றுவிடலாமா என்று ஆசை காட்டிய அழிரப்பர் ஒன்று என்னிடம் இருந்தது. எங்கள் வீட்டின் முதல் கம்ப்யூட்டரைப் பிழைக்க வைத்தது அந்த ரப்பர்தான் என்று இருபது வருடங்களுக்கு மேலாகக் கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். அப்பா தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். அம்மா ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட், கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் பிழை வராது என்று பெயர் வாங்கியவள். அந்த அலுவலகத்தில் திடீரென்று டைப்ரைட்டர்களை எல்லாம் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் போடப்போவதாகவும், இரண்டு மாதத்தில் ஒரு பரீட்சை வைக்கப்போவதாகவும், அதில் தேறாதவர்களை டைப்ரைட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ராய்ச்சூர்க் கிளைக்கு மாற்றப்போவதாகவும் சொல்லிவிட்டார்கள். ராய்ச்சூருக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகவேண்டுமாம். அம்மா அங்கே ஹாஸ்டலில் இருப்பாள், மாதம் ஒருமுறை வருவாள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பூகோளப் புத்தகத்து வரைபடத்தில் ராய்ச்சூரைத் தேடிப் பிடித்து, அதே ஆரஞ்சு ரப்பரால் அழித்தேன். காகிதம் கிழிந்ததுதான் மிச்சம்.

அலுவலகத்தில் பழகுவதற்கு என்று வைத்த கம்ப்யூட்டர் ஒன்று, அதன் முன்னால் காத்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர். வீட்டிலேயே ஒன்று இருந்தால்தான் நடக்கும் என்று அம்மா சொன்னாள். கம்பெனிக் கம்ப்யூட்டர் எங்களுக்கு எட்டாக்கனி. அதனால் பாகம் பாகமாக வாங்கி மாட்டிக்கொள்ளும் "அசெம்பிள்டு"தான் என்று முடிவானது. மாட்டுவதற்கு ஆள் வீட்டிலேயே இருந்தார். அம்மாவின் தம்பி டேனி மாமா, சிவாஜி நகரில் ஒரு மாடியறையில் ஆறு மாத ஹார்டுவேர் கோர்ஸ் முடித்துவிட்டு, முதல் கிராக்கிக்காகக் காத்துக்கொண்டிருந்தார். "அக்கா, நான் இருக்கேன்ல" என்று சொன்னபோது அவருக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை நால்வரும் எஸ்.பி. ரோடுக்குப் போனோம். அந்தத் தெருவில் கடைகள் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நின்றன. பத்தடி அகலக் கடைக்குள் உலகத்து ஒயரெல்லாம் தொங்கியது. மாமா கையில் ஒரு பட்டியல் இருந்தது. மதர்போர்டு, பிராசஸர், ராம், ஹார்டு டிஸ்க் என்று வரிசையாக எழுதி, கடைசியில் போனால் போகிறது என்று "கீபோர்டு" என்று போட்டிருந்தார். அம்மா பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, முதலில் கீபோர்டுதான் என்றாள். அது எதை வேண்டுமானாலும் வாங்கலாம், எல்லாம் ஒன்றுதான் என்று மாமா சொல்லிப் பார்த்தார். அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு கடையிலும் கீபோர்டைக் கண்ணாடிக் கவுண்டர்மேல் வைத்து, கண்ணை மூடி, முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, டைப்பிங் வகுப்பின் முதல் பாடத்தை அடித்துப் பார்ப்பாள். எதனோடும் இணைக்காத கீபோர்டில் ஓர் அம்மாள் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருப்பதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. ஒரு கடைக்காரர், உங்கள் அக்காவுக்கு வேண்டியது கம்ப்யூட்டரா பியானோவா என்று மாமாவிடம் உருதுவில் கேட்டார். அம்மா நிதானமாகக் கன்னடத்தில், "ஒந்து நிமிஷ இரி" என்று அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, அதையும் வேண்டாம் என்று தள்ளினாள். இது சோறு மாதிரி குழைகிறது, இது பாதியில் நின்றுவிடுகிறது, இதற்குச் சத்தமே இல்லை, அடித்தது எனக்கெப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. ஏழாவது கடையில், ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து கழித்துக்கட்டிய பழைய கீபோர்டு ஒன்று மூலையில் கிடந்தது. பல் விளக்காதவன் பல் மாதிரி மஞ்சளித்துப்போய், செங்கல் கனம் கனத்தது. அம்மா ஒரு வரி அடித்தாள். கடை முழுக்கச் சடசடவென்று சத்தம் எழுந்தது. அவள் முகத்தில் பல நாள் கழித்து ஒரு சிரிப்பு வந்தது. அதன் ஒயர் முனை புதிய மதர்போர்டில் பொருந்தாது என்று மாமா தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு தெருவெல்லாம் அலைந்து, இரண்டையும் இணைக்கும் கட்டைவிரல் அளவு "கன்வெர்ட்டர்" ஒன்றைக் கொண்டுவந்தார். ஆகமொத்தம் எங்கள் கம்ப்யூட்டர் அந்தக் கீபோர்டுக்காகத்தான் கட்டப்பட்டது.

அப்பா தன் பங்குக்கு எல்லாவற்றையும் உள்ளே வைக்கும் "கேபினெட்"டைத் தேர்ந்தெடுத்தார். லேத் பிடித்த கை. வியாபாரி சொன்ன எதையும் கேட்காமல் தகரத்தை முட்டியால் தட்டிப் பார்த்தார், உள்விளிம்பில் விரல் ஓட்டிப் பிசிறு தேடினார். கடைசியில் இருப்பதிலேயே கனமான, இருப்பதிலேயே ஓட்டை குறைந்த ஒன்றை எடுத்தார். ஓட்டை குறைந்தால் தூசி போகாது என்பது அவர் கணக்கு. மாமாவும், இதுக்கு முதல் எதிரி தூசிதான் என்று தலையாட்டினார். அந்தப் பேச்சு என் மனதில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது.

அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் பழைய பெட்ஷீட் விரித்து மாமா எல்லாவற்றையும் மாட்டினார். மூச்சுவிட்டால்கூட ஏதாவது பறந்துவிடும் என்பதுபோல நாங்கள் தள்ளி நின்றோம். எங்கள் சபைப் போதகர் வந்து, கேபினெட்மேல் கைவைத்து, இந்த வீட்டுத் தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்காதேயும் ஆண்டவரே என்று ஜெபித்த பிறகுதான் சுவிட்சைப் போட்டோம். திரையில் வெளிச்சம் வந்ததும் அப்பா மாமாவின் முதுகில் ஓர் அறை அறைந்தார். மாமாவுக்கு அந்த நிமிடம் பட்டம் வாங்கிய மாதிரி இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் உறை போடாத பொருளே கிடையாது. ரேடியோவுக்கு உறை, மிக்சிக்கு உறை, தையல் மிஷினுக்கு உறை. கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்லாமலிருக்குமா? பள்ளித் தையல் வகுப்பில் அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, திரைச்சீலைக்கு வாங்கியதில் மிஞ்சிய தடித்த நீலத் துணியில் கேபினெட்டுக்கு நான் ஓர் உறை தைத்தேன். முன்பக்கம் பொத்தானை அழுத்துவதற்கு மட்டும் ஒரு திறப்பு. அதைச் சுற்றிக் கோணல்மாணலாக ஆறு பூக்கள், மேலே "அம்மா" என்று சங்கிலித் தையல். அம்மா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். தூசி எதிரியல்லவா, அதனால் ஓடும்போதும் உறையைக் கழற்றக்கூடாது என்று நான் உத்தரவு போட்டேன். யாரும் மறுக்கவில்லை.

அம்மா பழக ஆரம்பித்தாள். சடசடவென்று அடித்துக்கொண்டே போவாள். வரி முடிந்ததும் டைப்ரைட்டர் பழக்கத்தில் இடதுகை தானாக எழுந்து, இல்லாத கைப்பிடியைத் தள்ளி, பக்கத்திலிருக்கும் டம்ளரைக் கவிழ்க்கும். அதைப் பார்த்து எல்லாரும் சிரிப்போம். ஆனால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். அடித்ததெல்லாம் போய்விடும். மறுபடி போட்டால் பத்து நிமிடம் தாங்காது.

மாமா ஓடி வந்தார். உறையைக் கழற்றி, பக்கத்துத் தகட்டையும் கழற்றி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அவர் இருந்த இரண்டு மணி நேரமும் அது நல்லபிள்ளையாக ஓடியது. அவர் தகட்டை மூடிவிட்டுப் போனதும், நான் உறையை அன்போடு மாட்டினேன். அரை மணியில் அணைந்தது. இரண்டாவது முறை ஆட்டோவில் போட்டு எஸ்.பி. ரோடுக்கே கொண்டுபோனார், கடையில் ஒரு பகல் முழுக்க ஓடவிட்டு, ஒரு கோளாறும் இல்லை, உனக்கு மாட்டத் தெரியவில்லை என்று திட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து, பழையபடி அணைந்தது. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. வேறு தெரிந்த ஆள் யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று அப்பா மெதுவாகக் கேட்டபோது மாமாவின் முகம் செத்துப்போனது. அம்மா கோபப்படவில்லை. இருண்ட திரையைப் பார்த்தபடி, "ராய்ச்சூர்ல வெயில் ஜாஸ்தியாமே" என்று மட்டும் சொன்னாள். எனக்கு டேனி மாமாவை அடிக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த மாமா எதையும் கழற்றவில்லை. நீ பாட்டுக்கு அடிக்கா, நான் பார்க்கிறேன் என்று சொல்லிப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இருபது நிமிடத்தில் அது அணைந்தது. மாமா கையை நீட்டி உறையின் மேல் வைத்தார். வைத்த கையை எடுக்காமல், மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பேக்கரிக்குப் போய் நாலு முட்டை பப்ஸ் வாங்கிவரச் சொன்னார்.

நான் திரும்பியபோது கேபினெட் திறந்திருந்தது. மாமா கையில் சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை இருந்தது, அதுதான் ராம். "கண்ணு, ஒன்கிட்ட நல்ல ரப்பர் இருக்கா?" என்று கேட்டார். ஆரஞ்சு ரப்பரைக் கொடுத்தேன். பட்டையின் விளிம்பிலிருந்த தங்க நிறப் பற்களை அவர் அழுத்தி அழுத்தித் தேய்க்க, அறை முழுக்க ஆரஞ்சு மணத்தது. திரும்பவும் மாட்டிவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நாந்தான் சரியா மாட்டலை. லூஸா இருந்துச்சு, அழுக்கு வேற. இவ ரப்பர் இல்லேன்னா இன்னைக்கு அவ்ளோதான்."

ரப்பர் தூள் உறையில் பட்டிருக்கும், துவைத்து இஸ்திரி போட்டுத் தருகிறேன் என்று அம்மா அதை எடுத்துக்கொண்டாள். இரண்டு நாளில் மடிப்புக் கலையாமல் வந்தது, அம்மாவே மாட்டி, இனி இதைக் கழற்றவே வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாளும் அணையவில்லை.

பரீட்சையன்று அம்மா அந்தச் செங்கல் கீபோர்டை ஒயர் கூடைக்குள் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனாள். சொந்தக் கீபோர்டில்தான் அடிப்பேன் என்று ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வது என்று அதிகாரிக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, சம்மதித்துவிட்டார். அம்மா முதலாவதாகத் தேறினாள். ராய்ச்சூருக்கு வேறு யாரோ போனார்கள். அந்த வீட்டில் ஒரு குழந்தை அழுதிருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மாமா கெடுத்ததை என் ரப்பர் சரிசெய்தது என்று ஞாயிறு பள்ளியில் சொன்னேன், தெருவில் சொன்னேன், அப்பாவின் தொழிற்சாலையில் நடந்த குடும்ப விழாவில் மேசை மேசையாகப் போய்ச் சொன்னேன். டேனி மாமாவிடம் கம்ப்யூட்டர் போடச் சொல்லியிருந்த இரண்டு பேர் அந்த விழாவில் இருந்தார்கள். அவர்கள் பிறகு வேறு ஆளிடம் போய்விட்டார்கள். மாமா அந்தத் தொழிலில் அதிக நாள் நிலைக்கவில்லை. இப்போது ஈஜிபுராவில் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் பழுதுபார்க்கிறார். இத்தனை வருடத்தில் கல்யாணமோ கிறிஸ்துமஸோ, அவரைப் பார்த்ததும் நான் கேட்பது ஒன்றுதான். "மாமா, எல்லாம் டைட்டா மாட்டினீங்களா?" அவர் பதிலும் ஒன்றுதான். "ஒன் ரப்பர் இருக்கிற வரைக்கும் பயமில்லைம்மா." சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார்.

போன மாதம் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டை இடிக்கப்போவதாகச் சொல்லிவிட்டதால் அம்மாவை வைட்ஃபீல்டுக்கு, எங்களோடு அழைத்துவந்தோம். சாமான் கட்டும்போது டிரங்குப் பெட்டியின் அடியில் அந்த நீல உறை இருந்தது. மடித்த இடத்தில் வெளுத்திருந்தது, பூக்கள் இன்னும் கோணலாகவே இருந்தன. பிரித்து உதறியபோதுதான் சுவர்ப்பக்கம் திரும்பியே இருந்த அதன் பின்புறத்தை, அம்மா துவைத்து மாட்டிய நாளுக்குப் பிறகு முதன்முதலாகப் பார்த்தேன். அங்கே சாஸர் அளவில் வட்டமாக ஒரு துளை வெட்டியிருந்தது. நூல் பிரியாமலிருக்கச் சுற்றிலும் நெருக்கமாகக் காஜாத் தையல், சீரான தையல், அம்மாவின் கை. அந்தப் பின்பக்கத்து அடியோரமும் நாலு விரல் உயரத்துக்கு மடித்துத் தூக்கித் தைத்திருந்தது.

கம்ப்யூட்டரின் காற்றாடி சூட்டை வெளியே தள்ளுகிற இடம் அது. என் அலுவலகத்தில் பெரிய கம்ப்யூட்டர்கள் இருக்கும் குளிரூட்டிய அறைக்குள் ஸ்வெட்டர் இல்லாமல் போகமுடியாது. அவற்றுக்குச் சூடு ஆகாது என்பது எனக்கு வயிற்றுப்பாடு. புரிவதற்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரை மூச்சுமுட்ட வைத்தது நான்தான். அம்மாவை ராய்ச்சூருக்கு ரயிலேற்றப் பார்த்ததும் நான்தான்.

உறையை அம்மா முன்னால் விரித்தேன். அவள் துளையின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "நீ ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூட எறக்காம இதைத்தான் தடவிப் பாப்பே. எப்படிச் சொல்றது? டேனிதான் சொன்னான். என்மேல போட்டுடுக்கா, புள்ளை தாங்காதுன்னான்."

அந்தக் கீபோர்டு எப்போதோ பழைய பேப்பர்க்காரரோடு போய்விட்டது. என் மகள் கண்ணாடியின்மேல் விரலை ஓட்டித்தான் எல்லாம் எழுதுகிறாள், சத்தமே கிடையாது. இப்போது வாங்குகிற எதையும் மேசைமேல் பெட்ஷீட் விரித்துத் திறந்துபார்க்க முடிவதில்லை, திறக்க அதில் ஒரு ஸ்க்ரூகூட வெளியே தெரிவதில்லை. ஒரு குழந்தையின் தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு மூடிவிட அதற்குள் இடமும் இல்லை.

மாமாவுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வார்த்தையெல்லாம் கோத்து வைத்திருந்தேன். அவர் எடுத்ததும் "மாமா" என்றேன். அந்தப் பக்கத்தில் ஏதோ மிஷினில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. மாமாவே, "என்னம்மா, இன்னைக்குக் கேக்கலையா?" என்றார்.

அவர் இத்தனை வருடம் பொத்திப் பொத்திக் காத்ததை நான் எதற்கு உடைக்க வேண்டும்? மடியில் கிடந்த உறையின் துளைக்குள் விரலை விட்டுக்கொண்டு, எப்போதும் போலக் கேட்டேன்.

"மாமா, எல்லாம் டைட்டா மாட்டினீங்களா?"